முதல் பின்னலுக்கு ஒரு திருக்கை

கிளிநொச்சியில் இருந்து ஒரு இளம் தாய் கேட்டிருக்கிறார்: "பின்னல் ஊசி பிடித்துப் பழக்கமே இல்லை. நான்கு வயது மகளுக்கு என் கையாலேயே பஞ்சு வைத்த ஒரு சிறிய கடற்பிராணி பின்னிக் கொடுக்க ஆசை. எட்டுக் கால் கணவாய், கடலாமை என்று பல படங்களைப் பார்த்துவிட்டேன். எதில் தொடங்குவது? என்னென்ன வாங்க வேண்டும்?"

தங்கை, கணவாயையும் ஆமையையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். திருக்கை பின்னுங்கள்.

காரணம் இருக்கிறது. ஆமை என்றால் ஓடு ஒன்று, வயிறு ஒன்று, துடுப்பு நான்கு, தலை ஒன்று என ஏழு துண்டுகள் வேண்டும். கணவாய்க்கு எட்டுக் கால்களும் ஒரே நீளத்தில் வந்தாக வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்கள் பின்னுவதில் களைப்பதில்லை. பின்னிய துண்டுகளை இணைக்கும்போதுதான் மனம் விட்டுப்போகிறார்கள். பாதியில் நின்ற ஆமைகளை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். திருக்கைக்கு இரண்டு சாய்சதுரத் துண்டுகளும் ஒரு வாலும் போதும். ஒரே ஒரு கண்ணி (ஊசியில் விழும் நூல் வளையம்) வகை, கூட்டுவதற்கு ஒரு முறை, குறைப்பதற்கு ஒரு முறை, இவ்வளவுதான் நீங்கள் பழக வேண்டியது. உங்கள் மகளுக்கும் அது புதிய பிராணியாக இருக்காது. நாச்சிக்குடாப் பக்கமோ முல்லைத்தீவுப் பக்கமோ கரைக்கு வரும் மீனோடு திருக்கையும் வருகிறது, சந்தைக்கும் வருகிறது.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இணையத்தில் நீங்கள் பார்த்த பஞ்சுப் பொம்மைகளில் பெரும்பாலானவை குறோசே, அதாவது ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னுவது. ஜப்பானில் இருந்து பரவிய அமிகுருமி என்ற பொம்மைக் கலையும் அநேகமாக அந்த ஊசியால்தான் செய்யப்படுகிறது. இரண்டு ஊசிப் பின்னல் வேறு வேலை. ஒன்றுக்கு எழுதிய செய்முறையை வைத்து மற்றதைச் செய்ய முடியாது. உருண்டையான பொம்மைக்கு குறோசே வசதி என்பது உண்மைதான். ஆனால் திருக்கை தட்டையான பிராணி. இரண்டு ஊசிப் பின்னலில் வரும் மெத்தென்ற, சற்றே இழுபடும் துணி அதற்கு நன்றாகப் பொருந்துகிறது.

இனி வாங்க வேண்டியவை. கடையில் கம்பளி நூல் என்று கேட்டால் பெரும்பாலும் அக்றிலிக் நூல்தான் தருவார்கள். அதில் குறை இல்லை, நம் வெயிலுக்கும் அடிக்கடி கழுவுவதற்கும் அதுவே நல்லது. மிக மெல்லியதையும் வேண்டாம், மிகத் தடித்ததையும் வேண்டாம். உருண்டையைச் சுற்றியிருக்கும் காகிதத்தில் 4 மில்லிமீற்றர் ஊசி என்று போட்டிருக்கும் நடுத்தர நூலை எடுங்கள். முதுகுக்குச் சாம்பல் அல்லது மண்ணிறம், வயிற்றுக்கு வெள்ளை அல்லது பால்நிறம். ஒவ்வொன்றிலும் 25 கிராம் இருந்தால் தாராளம். முதல் வேலையைக் கறுப்பு நூலில் பின்னாதீர்கள். இரவில் விளக்கு வெளிச்சத்தில் கறுப்பில் கண்ணி தெரியாது. பிள்ளைகள் நித்திரையான பிறகுதான் உங்களுக்கு நேரம் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

காகிதத்தில் 4 என்று இருந்தாலும் நீங்கள் வாங்க வேண்டியது 3.25 மில்லிமீற்றர் ஊசி. இதில்தான் பொம்மைப் பின்னலும் சட்டைப் பின்னலும் பிரிகின்றன. சட்டை தளர்ந்து விழ வேண்டும், அதற்காகவே காகிதத்தில் அந்த அளவைப் போடுகிறார்கள். பொம்மைக்குத் துணி இறுகி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணிகளுக்கு இடையே பஞ்சு வெள்ளையாக எட்டிப் பார்க்கும். பிள்ளையின் விரல் அந்த ஓட்டையைத்தான் முதலில் கண்டுபிடிக்கும். சில வரிசைகள் பின்னியதும் துண்டை யன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசித் துளைகள் போலச் சிறு வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் பாதகமில்லை. அரிசி மணி அளவுக்கு இடைவெளி தெரிந்தால் அவிழ்த்துவிட்டு இன்னும் மெல்லிய ஊசியில் தொடங்குங்கள்.

ஊசியின் எண்ணைச் சொல்லி வாங்காதீர்கள், மில்லிமீற்றரைக் கேளுங்கள். பழைய பிரித்தானிய முறையில் எண் கூடக் கூட ஊசி மெலியும். அதில் 8ஆம் எண் 4 மில்லிமீற்றர், 10ஆம் எண் 3.25. அமெரிக்க முறையில் இது நேர்மாறு, அங்கே 10 என்றால் 6 மில்லிமீற்றர். அம்மம்மாவின் தையல் பெட்டியில் எண் அழிந்த ஊசிகள் கிடைத்தால் ஒரு வழி இருக்கிறது. மெல்லிய தையல் நூலை ஊசியில் நெருக்கமாக 10 சுற்றுச் சுற்றி, அவிழ்த்து, அடிமட்டத்தில் அளந்து பாருங்கள். 10 சென்ரிமீற்றரைச் சற்றுத் தாண்டினால் அது 3.25. பன்னிரண்டரையை ஒட்டி வந்தால் அது 4.

ஊசி கிடைக்கவே இல்லை என்றால், இறைச்சி குத்தி வாட்டும் மூங்கில் குச்சிகளில் 3 மில்லிமீற்றர் தடிப்பானவை இரண்டை எடுங்கள். அரத்தாளால் சிலும்பு போகத் தேய்த்து, கூர்முனையைச் சற்று மழுக்கி, மெழுகுதிரியால் பூசித் துணியால் அழுத்தித் துடையுங்கள். மறுமுனையில் இறப்பர்த் துண்டு ஒன்றைச் செருகினால் கண்ணி வழுகாது. முதல் வேலைக்கு இவை கடையில் விற்கும் உலோக ஊசியைவிட நல்லவை என்பதே என் எண்ணம். உலோகத்தில் கண்ணி சறுக்கி ஓடும், மூங்கில் அதைப் பிடித்து வைத்திருக்கும். சைக்கிள் கம்பியை ஊசியாக்கிப் பின்னியவர்களும் உண்டு. ஆனால் அது 2 மில்லிமீற்றர்தான், இந்த நூலுக்குப் போதாது.

இவற்றோடு பெரிய துவாரமுள்ள தையல் ஊசி ஒன்று, கத்தரிக்கோல், கொஞ்சம் பஞ்சு, கண்ணுக்குக் கொஞ்சம் கறுப்பு நூல். கடற்கரைப் பக்கத்தில் சிலர் மிச்சமான வலைநூலில் பின்னலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். அது விரலை அறுக்கும், முடிச்சும் நிற்காது. பொம்மையைத் தங்கூசியால் (நைலோன் தூண்டில் இழையால்) தைப்பதும் கூடாது. இழுபடும் போதெல்லாம் அது மெல்லிய நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும்.

இனி கைவேலை. நூலின் நுனியில் ஒரு சுருக்கு முடிச்சுப் போட்டு ஊசியில் ஏற்றுங்கள். அது முதல் கண்ணி. இடது கட்டைவிரலில் நூலை ஒரு தரம் சுற்றி, அந்த வளையத்துக்குள் ஊசியை நுழைத்து, விரலை உருவி இழுங்கள். அது இரண்டாவது. இன்னொன்று போட்டால் மூன்று. முழுத் திருக்கையும் இந்த மூன்று கண்ணியில் இருந்துதான் விரிகிறது. அதனால்தான் இதைத் தேர்ந்தேன். ஊசியில் 40 கண்ணி ஏற்றிவிட்டுத் தொடங்கும் வேலையில் பிழை வந்தால் அழுகை வரும். மூன்றில் தொடங்கியதை நூறு தரம் அவிழ்த்தாலும் நட்டமில்லை.

கண்ணி இருக்கும் ஊசி இடது கையில், வெறும் ஊசி வலது கையில். நூல் பின்புறம் இருக்கட்டும். வலது ஊசியின் நுனியை முதல் கண்ணிக்குள் முன்னால் இருந்து பின்னால் போகும்படி நுழையுங்கள். பின்னால் நிற்கும் நூலை வலது ஊசி நுனியைச் சுற்றிக் கீழிருந்து மேலாகக் கொண்டுவாருங்கள், அது இரண்டு ஊசிகளுக்கும் இடையே வந்து விழும். வலது ஊசி அந்த நூலைக் கோதிக்கொண்டு கண்ணி வழியாக முன்னுக்கு வரட்டும். பிறகு பழைய கண்ணியை இடது ஊசியில் இருந்து நழுவ விடுங்கள். ஒரு கண்ணி முடிந்தது. வரிசை தீர்ந்ததும் ஊசிகளைக் கை மாற்றித் திரும்பவும் இதையே செய்யுங்கள். எல்லா வரிசையும் இப்படியே பின்னினால் துணியின் இரண்டு பக்கமும் வரப்பு வரப்பாக ஒரே மாதிரி வரும். ஓரம் சுருளாது. இரண்டு வரிசைக்கு ஒரு வரப்பு என்று எண்ணிக்கொள்ளலாம்.

வலை முடிகிற குடும்பத்துப் பிள்ளைகளும் பனையோலையில் பெட்டி, கடகம் பின்னுகிற பெண்களும் இதை விரைவில் பிடித்துக்கொள்வதை நான் கவனித்திருக்கிறேன். எவ்வளவு இழுக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்பது அவர்கள் விரலில் ஏற்கெனவே இருக்கிறது. உங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். முதலில் எல்லோரும் நூலை மிக இறுக்கித்தான் பிடிப்பார்கள். கண்ணி ஊசியில் நகர மறுத்தால் இழுப்பைத் தளர்த்துங்கள். பங்குனி, சித்திரை வெக்கையில் விரல் வியர்த்து அக்றிலிக் நூல் ஒட்டும். கையில் கொஞ்சம் பவுடர் தடவிக்கொள்ளுங்கள், அல்லது காலை வேளையில் பின்னுங்கள்.

கண்ணி கூட்டுவது இப்படி. ஒரு கண்ணியை வழக்கம்போலப் பின்னுங்கள், ஆனால் பழைய கண்ணியை இடது ஊசியில் இருந்து விடாதீர்கள். அதே கண்ணியில் ஊசிக்குப் பின்னால் நிற்கும் இழைக்குள் வலது ஊசியை நுழைத்து இன்னொரு தரம் பின்னி, அதன் பிறகு விடுங்கள். ஒன்று இரண்டாகிவிட்டது. குறைப்பது இதைவிட எளிது. இரண்டு கண்ணிகளுக்குள்ளும் ஒரே தரத்தில் ஊசியை நுழைத்து, ஒன்றாகப் பின்னி விடுங்கள்.

திருக்கையின் முதுகு: 3 கண்ணியில் தொடங்கி, ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணியில் ஒன்று கூட்டி, மீதியை நேராகப் பின்னுங்கள். 28 வரிசை முடிய ஊசியில் 31 கண்ணி இருக்கும். அதுதான் இறக்கையின் அகன்ற இடம். அங்கிருந்து ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் இரண்டை ஒன்றாக்கிக்கொண்டே போங்கள். இன்னும் 28 வரிசையில் மீண்டும் 3 கண்ணிக்கு வந்துவிடுவீர்கள். நூலை ஒரு முழம் விட்டு வெட்டி, தையல் ஊசியில் கோத்து, மூன்று கண்ணிகளுக்குள்ளும் விட்டு இழுத்து முடிச்சிடுங்கள். இதே போல வெள்ளையில் வயிறு ஒன்று. ஒரு துண்டுக்கு ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவாகவே கண்ணி வரும். இறக்கை முனைக்கு முனை ஏறத்தாழ 13 சென்ரிமீற்றர் இருக்கும், நான்கு வயதுக் கைக்கு அளவானது.

இந்தக் கணக்கை மறக்காதீர்கள்: கூட்டிப் போகும் பாதியில், பின்னிய வரிசையோடு 3 ஐக் கூட்டினால் ஊசியில் இருக்க வேண்டிய கண்ணி வரும். 12 வரிசை என்றால் 15 கண்ணி. 20 என்றால் 23. ஐந்து வரிசைக்கு ஒரு தரம் எண்ணிப் பாருங்கள். பத்து வரிசை தாண்டிய பிழை உங்களை உட்கார்த்தி வைத்துவிடும். இரண்டு வரிசைக்குள் அகப்பட்ட பிழையை ஒரு நிமிடத்தில் அவிழ்த்துத் திருத்தலாம்.

கணக்கு குறைந்தால் பெரும்பாலும் எங்கோ ஒரு கண்ணி நழுவி விழுந்திருக்கும். துணியைப் பரப்பினால் ஏணி போல ஓர் ஓட்டை தெரியும். அந்தக் கண்ணியில் உடனே ஒரு ஊக்கைக் குத்தி நிறுத்திவிட்டு, அதுவரை அவிழ்த்து மீண்டும் ஏற்றுங்கள். கணக்கு கூடினால் காரணம் பெரும்பாலும் ஒன்றேதான், அதை நான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் புதியவர்களின் துண்டுகள் கோணிப் போவது இதனால்தான்.

வரிசையின் கடைசிக் கண்ணியைப் பின்னிவிட்டு ஊசியைத் திருப்புகிறீர்கள். இப்போது நூல் முன்பக்கம் தொங்குகிறது. அதைப் பின்னுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று தெரியும், உடனே ஊசிக்கு மேலால் தூக்கிப் பின்னால் போட்டுவிடுவீர்கள். போட்டதும் ஓரக் கண்ணி மேலே இழுபட்டு அதன் அடியில் உள்ள இரண்டு இழைகளும் ஊசியில் ஏறி நிற்கும். பார்க்க இரண்டு கண்ணி போலவே இருக்கும். இரண்டையும் தனித்தனியே பின்னிவிடுவீர்கள், கூட்டாமலே ஒன்று கூடிவிடும். அதைத் தவிர்க்க, திருப்பியதும் நூலைக் கீழ்ப்புறமாகப் பிடித்து, ஊசிக்கு அடியால் பின்னுக்குக் கொண்டுபோங்கள். முதல் கண்ணியைத் தொடுமுன் அந்த ஓரத்தை ஒரு கணம் பாருங்கள். ஒற்றை வளையமாக நிற்கிறதா? நின்றால் தொடருங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் உங்கள் ஓரங்கள் நேராகிவிடும்.

இரண்டு துண்டும் முடிந்ததும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, வரப்புக்கு வரப்புப் பொருத்தி, வால் முனையில் இருந்து சுற்றுத் தையல் போட்டு வாருங்கள். சாம்பல் நூலாலேயே தையுங்கள். மேலிருந்து பார்க்கும்போது தையல் தெரியாது. மூன்று பக்கம் முடிந்து நான்காவதில் இரண்டு விரல் நுழையும் அளவு திறந்திருக்கட்டும்.

பஞ்சு வைப்பதில் அவசரம் வேண்டாம். இலவ மரம் வளவில் நிற்கிற வீடுகளில் இலவம் பஞ்சைத்தான் எடுக்கத் தோன்றும். தலையணைக்கு அது அருமையானது. ஆனால் இந்தப் பொம்மைக்கு நான் சொல்ல மாட்டேன். ஈரம் பட்டால் கட்டி தட்டும், உலர நாளெடுக்கும், மார்கழி மழையில் பூஞ்சணம் பிடிக்கும். நம் செம்மண் முற்றத்தில் உருளும் பொம்மை, அதுவும் வெள்ளை வயிற்றோடு, வாரம் ஒரு தரமாவது தண்ணீர் காண வேண்டும். பழைய தலையணையில் இருந்து எடுத்த பொலியெஸ்ரர் பஞ்சு போதும். துணி வெட்டுகளைத் திணித்தால் புடைப்புப் புடைப்பாகத் துருத்தும். பஞ்சை விரலால் நன்றாகப் பிய்த்துச் சிறிது சிறிதாக உள்ளே விடுங்கள். நடுவில் கொஞ்சம் கூடுதலாக, இறக்கை நுனிக்குப் போகப் போகக் குறைவாக. நிறைய அடைத்தால் திருக்கை காணாமல் போய்த் தலையணைதான் மிஞ்சும். வாயை மூடித் தைத்த பிறகு, நடுவுடலுக்கும் இறக்கைக்கும் இடையே இரண்டு பக்கமும் மேலிருந்து கீழாக ஊடுருவும் ஓட்டத் தையல் ஒன்று போடுங்கள். இறக்கை உடலில் இருந்து பிரிந்து, கையில் எடுத்து ஆட்டினால் அசையும்.

முகம்தான் எனக்கு மிகப் பிடித்த வேலை. பொம்மை செய்கிறவர்கள் பலரும் திருக்கைக்குக் கண்ணையும் வாயையும் ஒரே பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். உண்மைத் திருக்கைக்குக் கண் முதுகுப் பக்கம், வாய் வயிற்றுப் பக்கம். கடலடி மணலில் வயிறு படக் கிடந்து, தனக்குக் கீழே அகப்படும் நண்டையும் சிப்பியையும் தின்னும் பிராணிக்கு அந்த அமைப்புத்தான் உதவும். ஆகவே சாம்பல் பக்கத்தில் முன்முனையில் இருந்து 3 சென்ரிமீற்றர் தள்ளி, நடுவுக்கு இருபுறமும் கறுப்பு நூலில் இரண்டு முடிச்சுத் தையல் கண்கள். திருப்பி வெள்ளைப் பக்கத்தில் ஒரு வளைந்த வாய், அதற்குச் சற்று மேலே இரண்டு சிறு கீறல்கள். அவை மூக்குத் துவாரங்கள். அசல் மீனைப் புரட்டினால் கண் என்று பிள்ளைகள் நினைப்பது இவற்றைத்தான். வாய்க்குக் கீழே இருபுறமும் ஐந்து ஐந்து சின்னக் கோடுகள் போடுங்கள், அவை செவுள்கள். அடுத்த முறை சந்தையில் திருக்கையைக் கண்டால் உங்கள் மகள் அதைப் புரட்டிக் காட்டச் சொல்லி எண்ணுவாள்.

பொத்தான், மணி எதையும் கண்ணாக வைக்காதீர்கள். உங்கள் மகளுக்கு நான்கு வயது என்றாலும், தம்பி தங்கை, அயல்வீட்டுக் குழந்தை கையிலும் அது போகும். மூன்று வயதுக்கு உட்பட்டவர்கள் கழன்ற மணியை நேரே வாயில் போடுவார்கள். நூல் கண்ணில் அந்தப் பயம் இல்லை.

வாலுக்கு ஊசியே வேண்டாம். 25 சென்ரிமீற்றர் நீளத்தில் ஆறு சாம்பல் நூல் வெட்டி, இரண்டிரண்டாக மூன்று புரி எடுத்து, தலைமுடி பின்னுவது போலவே பின்னி நுனியில் முடிச்சிட்டு, பின்முனையில் உறுதியாகத் தையுங்கள். கடலில் பல திருக்கைகளுக்கு வால் உடலைவிட நீண்டிருக்கும். பொம்மையில் ஒரு சாணுக்கு மேல் விடாதீர்கள், நீண்ட கயிறு சிறு பிள்ளையின் கழுத்தில் சுற்றக்கூடும். வாலில் வெள்ளை நூலில் கூரான சின்னத் தையல் ஒன்று போட்டால் முள்ளும் வந்துவிடும். மீனவர்கள் வலையில் இருந்து திருக்கையை எடுக்கும்போது அஞ்சுவது அந்த முள்ளுக்குத்தான் என்று மகளுக்குச் சொல்லுங்கள்.

கழுவும்போது சவர்க்காரத் தண்ணீரில் மெதுவாக அமுக்கி எடுங்கள், முறுக்கிப் பிழியாதீர்கள். துவாயில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுத்து, காற்றோட்டமான இடத்தில் கிடையாகப் போடுங்கள். கொடியில் வாலில் பிடித்துத் தொங்கவிட்டால் உடல் நீண்டு உருமாறும்.

பின்னி விற்கலாமா என்று மாதர் சங்கக் கூட்டங்களில் என்னிடம் கேட்பதுண்டு. விற்கலாம். ஆனால் நூலின் விலையை மட்டும் கணக்கிட்டு விலை சொல்லாதீர்கள், இருந்து பின்னிய நேரத்துக்கும் கூலி போடுங்கள். அதற்கு முன் இரண்டு மூன்று திருக்கையாவது பின்னிக் கை ஒரே அளவுக்கு வர வேண்டும். மூன்றில் தொடங்கி 31 இல் நிறுத்தாமல் 41 வரை கூட்டினால் பெரிய திருக்கை, 21 உடன் திரும்பினால் குட்டி. சாம்பல் முதுகில் வெள்ளை நூலில் முடிச்சு முடிச்சாகப் போட்டால் புள்ளித் திருக்கை. திருக்கை கைக்கு வந்த பிறகு ஆமைக்குப் போகலாம். துடுப்புகளும் இதே கூட்டல் குறைத்தல்தான், அளவு மட்டுமே சிறியது.